‘எல்லாம் மூலிகைதானே, சேர்த்துச் சாப்பிடலாமா டாக்டர்?’

மதுரையின் தென்பகுதியில் வீட்டோடு தையற்கடை வைத்திருக்கும் 53 வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே மாத்திரை அட்டைகள், பாட்டில்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஏழெட்டு மாதமாக ராத்திரியில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது. “நடுச்சாமத்துல நரம்பைச் சுருட்டிப் பிடிச்ச மாதிரி இருக்கு டாக்டர். எந்திரிச்சுச் செவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் விடுது” என்று எழுதியிருக்கிறார். வாரத்தில் மூன்று நாலு இரவு இப்படி. கணவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சமயத்தில் ஒரு டாக்டர் ஒரு மாதத்துக்கென்று எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் 0.25 என்ற தூக்க மாத்திரையை, அதே பழைய சீட்டைக் காட்டி இன்றுவரை வாங்கிப் போட்டுவருகிறார். தைராய்டு மாத்திரை பத்து வருடமாக. பிரஷருக்கு ஒன்று, அதைப் போன ஆடி மாதம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ‘கேஸுக்கு’ வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், அது எப்போது தொடங்கியது என்று அவருக்கே நினைவில்லை. சர்க்கரை இல்லை.

சென்னையில் வேலைபார்க்கும் மகன், அம்மாவின் கால்வலிக்கும் தூக்கத்துக்குமாக மக்னீசியம் ஒரு பாட்டில், அஸ்வகந்தா ஒரு பாட்டில் ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டம்மா, ஊர் ஊராக வரும் வைத்தியர் ஒருவர் தந்த ‘நரம்பு லேகியம்’ ஒரு டப்பாவும் பற்பம் (உலோகம், தாதுப் பொருட்களைச் சுட்டு நீறாக்கிய மருந்துப் பொடி) ஒரு பொட்டலமும் கொடுத்திருக்கிறார். கடிதம் எழுதியவர் கேட்பது மூன்று. எல்லாம் இயற்கைதானே, சேர்த்துச் சாப்பிடலாமா? இவற்றைத் தொடங்கிவிட்டுத் தூக்க மாத்திரையை அன்றே நிறுத்திவிடலாமா? ரத்தத்தில் மக்னீசியம் 1.9, நார்மல் என்று லேப் சொல்கிறது. “அது ரத்தத்துல தெரியாதும்மா, உடம்புல கம்மியாத்தான் இருக்கும்” என்று மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?

அம்மா, நீங்கள் எதையும் வாயில் போடுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு, கண் மஞ்சளான பிறகுதான் வருகிறார்கள். அதனால் உங்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். ஒரு விஷயம் மட்டும்: இது உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்வது. நேரில் நாடி பிடித்து, காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது.

கால் பிடிப்பு எங்கிருந்து வந்தது?

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் புதிதாக எதைச் சேர்க்கலாம் என்பதைப் பற்றியவை. எனக்கோ உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியிலேயே கண் நின்றுவிட்டது. பிரஷர் மாத்திரையை ஆடியில் மாற்றினார்கள் என்கிறீர்கள். கால் இழுப்பது புரட்டாசியிலிருந்து என்கிறீர்கள். இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

நீங்கள் அனுப்பிய அட்டையின் பின்புறத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பு டெல்மிசார்ட்டான் மட்டும் இருந்தது. இப்போது டெல்மிசார்ட்டான் 40 மி.கி.யோடு குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது மருந்து சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றிப் பிரஷரைக் குறைக்கும் வகை. நல்ல மருந்துதான், நானும் எழுதுகிறேன். ஆனால் அது சோடியத்தை மட்டும் வெளியேற்றுவதில்லை. பொட்டாசியம், மக்னீசியம் இரண்டையும் கொஞ்சம் கூடவே கொண்டுபோகும். சிலருக்கு இதனால் ராத்திரியில் சதை பிடிக்கும். அதோடு பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, வேர்க்க வேர்க்க மெஷின் மிதிக்கிறீர்கள். தண்ணீரும் குறைவாகத்தான் குடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் தனியாக இருக்கும் பெண்கள் பாத்ரூம் போவதற்கு யோசித்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இந்த வகை மாத்திரையை எடுப்பவர்களில் சிலருக்கு ரத்தத்தில் மக்னீசியம் குறையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-லேயே இதை எச்சரிக்கையாக வெளியிட்டது. உங்கள் அளவு நார்மலாக இருப்பதால் உங்களிடம் இது நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எப்போது, எதற்காக ஆரம்பித்தோம் என்றே நினைவில்லாத மாத்திரை இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நம் ஊரில் சோடா மாதிரி ஆகிவிட்டது இந்த மாத்திரை.

மூன்றாவது தைராய்டு. “ரெண்டு வெறும்வயித்து மாத்திரையையும் ஒண்ணா முழுங்கிட்டுக் காபி குடிச்சிருவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். தைராய்டு மாத்திரையான தைராக்சினைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ பலகாரமோ. உடனே குடிக்கும் காபி அந்த மருந்தைச் சரியாக உடம்பில் சேரவிடாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் அதன் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும். தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.ஹெச். கடைசியாகப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. தைராய்டு குறைந்தாலும் சதை பிடிக்கும், உடம்பு அசதியாக இருக்கும், மனசு சோர்ந்துபோகும். இவ்வளவும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது.

ஆகவே, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதை விட்டுவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாத்திரை டப்பாவிலேயே காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிபார்க்காமல் மேலும் நாலு பாட்டிலைச் சேர்த்தால், நாளைக்கு எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டையைக் கொண்டுபோய் அதே டாக்டரிடம் காட்டி, “இதை மாத்துனதுக்கு அப்புறந்தான் கால் இழுக்குது” என்று சொன்னாலே போதும். சோடியம், பொட்டாசியம் பார்த்துவிட்டு அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார், அல்லது அளவைச் சரிசெய்வார்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு இழுப்பது சதை கட்டியாகி, கையால் தொட்டாலே தெரியுமளவுக்கா? அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு வலி இருக்காது. படுத்தவுடன் காலுக்குள் ஏதோ ஊர்வது போல, ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும் போல இருக்கும். எழுந்து நடந்தால் தணியும். அது வேறு தொல்லை. அதற்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கியமான காரணம்; உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கவேண்டும். மாதவிலக்கு நிற்கும் முன் இரண்டு வருடம் அதிகமாகப் போனது என்று எழுதியிருப்பதால், உங்களுக்கும் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மக்னீசியம்: மகன் சொன்னதில் பாதி சரி

ஒரு ஆளின் உடம்பில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எலும்பில், மீதி பெரும்பாலும் சதையிலும் மற்றத் திசுக்களிலும். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ரத்த அளவு நார்மல் என்றால் உடம்பில் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் மகன் படித்தது உண்மை. ஆனால் அதிலிருந்து ‘அப்படியானால் குறைவுதான்’ என்று தாவிவிட்டார் பாருங்கள், அங்கேதான் தவறு. பாட்டில் விற்பவர்களும் அந்தத் தாவலில்தான் விற்கிறார்கள்.

ராத்திரிக் கால் பிடிப்புக்கு மக்னீசியம் உதவுமா என்று செய்யப்பட்ட சோதனைகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. வயதானவர்களுக்கு வரும் பிடிப்பில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு தரப்பிலும் பலருக்குக் குறைந்தது; ஏனென்றால் இந்தப் பிடிப்பு தானாகவே சில வாரம் கூடும், சில வாரம் குறையும். ‘நான் சாப்பிட்டேன், சரியாயிருச்சு’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சரியானதற்கு அந்த மாத்திரைதான் காரணமா என்பதுதான் தெரியாது.

பாட்டிலின் லேபிளுக்கு வருவோம். முன்புறம் பெரிய எழுத்தில் ‘மக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று இருக்கிறது. அது கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்த மொத்த எடை. அதற்குள் இருக்கும் மக்னீசியம் மட்டும் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் சுமார் 140 மி.கி.யைத் தாண்டாது. பின்புறத்தில் பொடி எழுத்தில் ‘ஒரு வேளைக்கு இரண்டு கேப்சூல்’ என்று இருக்கிறது. அந்த 1000 ஒன்றுக்கா இரண்டுக்கா என்று எங்கும் இல்லை. அதற்கும் கீழே ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல’ என்று ஆங்கிலத்தில். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது. அப்படியென்றால் சட்டப்படி இது உணவு வகையைச் சேர்ந்தது, மருந்து இல்லை. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி இதை விற்கக்கூடாது.

சாப்பிடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால், மிஞ்சிய மக்னீசியத்தை அது வெளியேற்றிவிடும்; தொல்லை வந்தாலும் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு நின்றுவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ அது ரத்தத்தில் தேங்கி, பிரஷர் இறங்கி, இதயத் துடிப்பே தடுமாறும் அளவுக்குப் போகலாம். எனவே முதலில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை. அது நார்மல், பிரஷர் மாத்திரையையும் சரிசெய்தாயிற்று, அப்படியும் கால் இழுக்கிறது என்றால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேப்சூல் நான்கு வாரம் போட்டுப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் அடுத்த பாட்டில் வேண்டாம். மாத்திரை வழியாக மட்டும் ஒரு நாளைக்கு 350 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்சவரம்பு. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி கட்டாயம். ராத்திரி போட்டால் அந்தக் கவலை இல்லை. ஏதாவது காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்த நாட்களில் மக்னீசியத்தை நிறுத்திவையுங்கள்.

சாப்பாட்டில் சேர்ப்பது இதைவிட மலிவு. 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 140 மி.கி. மக்னீசியம் இருக்கிறது, பட்டை தீட்டிய அரிசியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பங்கூழ், எள்ளுருண்டை, வேர்க்கடலை, பாசிப்பயறு, முருங்கைக்கீரை எல்லாமே நல்லவை. மூன்று வேளையும் சோறும் இட்லியும்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு வேளையை மாற்றினால் பாட்டிலுக்கு வேலை இருக்காது.

அமுக்கரா உங்களுக்கு இப்போது ஏன் வேண்டாம்

அஸ்வகந்தா என்று பாட்டிலில் இருப்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் அமுக்கராக் கிழங்குதான். சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் என்று ஒன்று உண்டு. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு என்று ஒவ்வொன்றும் முன்னதைப்போல் இரு மடங்காக ஏறும். அழகான கணக்கு. (சூரணத்தில் பாதி சர்க்கரை என்பதைச் சர்க்கரை நோயாளிகள் கவனிக்கவேண்டும்.) அமுக்கரா அதில் மொத்தத்தில் கால் பங்குதான். உங்கள் மகன் அனுப்பிய கேப்சூல் அதுவல்ல. வேரிலிருந்து சத்தைப் பிழிந்து செறிவாக்கியது, 600 மி.கி. ‘பாட்டன் காலத்திலிருந்து சாப்பிடுவதுதானே’ என்று இதைச் சொல்ல முடியாது. பாட்டன் சாப்பிட்டது வேறு.

பலன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆறு முதல் எட்டு வாரம், ஐம்பது அறுபது பேரை வைத்துச் செய்த சோதனைகளில் மன அழுத்தமும் தூக்கமின்மையும் ஓரளவு குறைந்ததாகக் காட்டியிருக்கிறார்கள். சிறிய சோதனைகள், சிறிய பலன். உங்கள் விஷயத்தில் தடை வேறு இடத்தில் இருக்கிறது.

அமுக்கரா தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடியது. நீங்கள் ஏற்கெனவே தைராக்சின் எடுப்பவர். இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, அதாவது நீங்கள் எதற்காக இதைச் சாப்பிடுகிறீர்களோ அதுவே கூடலாம். டி.எஸ்.ஹெச். முடிவையும் குழப்பிவிடும். இரண்டாவது, கல்லீரல். அரிதுதான், ஆனால் அமுக்கராக் கேப்சூல் சாப்பிட்ட சிலருக்கு இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மஞ்சள் காமாலையும் உடம்பெல்லாம் தாங்கமுடியாத அரிப்பும் வந்திருக்கிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் மட்டுமல்ல, நம் நாட்டு மருத்துவர்களும் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள்; கல்லீரல் ஏற்கெனவே பழுதாகியிருந்தவர்களுக்கு உயிராபத்து அதிகம். டென்மார்க் 2023-ல் உணவுப் பொருட்களில் இதைச் சேர்க்கவே தடை போட்டது. அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ‘மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று லேபிளில் அச்சடிப்பவர்களை நான் நம்பமாட்டேன். விளைவு உண்டென்றால் பக்கவிளைவும் உண்டு.

மூன்றாவது காரணம் அல்பிரசோலம். இரண்டுமே மயக்கத்தைக் கூட்டுபவை. ராத்திரி கால் இழுத்து, பாதித் தூக்கத்தில் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிற உங்களுக்கு, தலை கிறுகிறுப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவேண்டியதில்லை. 53 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் தையற்கடை ஆறு மாதம் மூடிக்கிடக்கும்.

சாதிக்காயைப் பாலில் இழைத்துக் குடிக்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கல்லில் இரண்டு இழை இழைத்தால் ஒன்றும் செய்யாது. ‘நல்லாத் தூங்கணும்’ என்று முழுக் காயைப் பொடித்துக் குடித்தவர்கள் நெஞ்சு படபடத்து, பிதற்றலோடு ஆஸ்பத்திரிக்கு வருவதுண்டு. நீங்கள் இரண்டு இழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தைத் திறக்கவே வேண்டாம்

இதில் மட்டும் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. படத்தில் இருப்பது பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் அடைத்த கறுப்பு லேகியம், செய்தித்தாளில் மடித்த வெள்ளைப் பொடி. பெயர் இல்லை, உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை.

பற்பம் என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் புடம் போட்டு, சோதித்து, அளவறிந்து கொடுப்பது சித்த மருத்துவர்களின் வேலை. அதற்கென்று பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரியே இருக்கிறது. முறை தவறினால் என்னாகும் என்பதுதான் கவலை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், இணையம் வழியாக விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. அவையாவது பெயரும் முகவரியும் போட்டு விற்றவை.

பக்கத்து வீட்டம்மா சொன்னதாக நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை இன்னும் பயமுறுத்துகிறது: “மூணாம் நாளே மூட்டுவலி, கால்வலி எல்லாம் பறந்துருச்சு, நல்லாப் பசிக்குது, முகம்கூடப் பூசினாப்புல ஆயிருச்சு.” மூன்று நாளில் வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் நான் முதலில் சந்தேகப்படுவது அதில் கலந்திருக்கும் ஸ்டீராய்டை. அது பிரஷரை ஏற்றும், சர்க்கரையை வரவழைக்கும், பொட்டாசியத்தை இறக்கும். பொட்டாசியம் இறங்கினால் உங்கள் கால் இன்னும் இழுக்கும். தயவுசெய்து அந்த அம்மாவையும் ஒரு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பல மாதமாகச் சாப்பிடுகிறார் என்றால் அவரும் திடீரென்று நிறுத்தக்கூடாது, அந்த டப்பாவைக் கையோடு எடுத்துப்போகவேண்டும்.

சித்த மருந்துதான் வேண்டும் என்று உங்களுக்கு விருப்பம் இருந்தால், தாராளமாகப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். பட்டம் பெற்றவரிடம், நீங்கள் சாப்பிடும் ஆங்கில மருந்துகளின் பட்டியலை மறைக்காமல் காட்டுங்கள். ‘அவருக்குத் தெரிஞ்சா இவர் கோவிச்சுக்குவார்’ என்று நோயாளிகள் இரண்டு பக்கமும் மறைப்பதால் வரும் சங்கடங்கள் நிறைய. கடையில் வாங்குவதானால் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நச்சுத்தன்மையுள்ள மூலப்பொருள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளில் ‘மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளவேண்டும்’ என்ற எச்சரிக்கை இருக்கவேண்டும் என்பது சட்டம்.

அல்பிரசோலத்தை ஒரே நாளில் விடாதீர்கள்

உங்கள் மூன்று கேள்விகளில் இதுதான் ஆபத்தானது, அதனால் நேராகவே சொல்கிறேன்: கூடாது. மூன்று வருடமாகத் தினமும் எடுத்த மருந்து இது. உடம்பு அதற்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வேர்க்கும், பயம் பிடிக்கும், பொட்டுத் தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பே வந்துவிடும். அமுக்கராவோ மக்னீசியமோ அதைத் தடுக்காது.

உங்கள் அளவு சிறியது. அதனால் மெல்ல மெல்லக் குறைத்து வெளியே வருவது முடியாத காரியமில்லை. எத்தனை வாரத்தில், எவ்வளவு குறைப்பது என்பதை ஒரு டாக்டர் உங்களைப் பார்த்து முடிவுசெய்யவேண்டும். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சில ராத்திரி தூக்கம் கெடும். ‘மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே வராது போல’ என்று அப்போது தோன்றும். அது மருந்து விடும்போது வரும் தொல்லை, சில நாளில் தணியும். அந்தச் சமயத்தில் பயந்து பழைய அளவுக்கே திரும்பிவிடுவதுதான் எல்லோரும் செய்வது.

பழைய சீட்டுக்கு மாத்திரை தருகிற மருந்துக் கடையைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் அவரை ‘நல்ல மனுசர்’ என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அல்பிரசோலம் மருந்துச் சட்டத்தின் ஹெச்1 அட்டவணையில் உள்ள மருந்து. யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருடம் வைத்திருக்கவேண்டியது கடைக்காரர் கடமை. ஒரு மாதச் சீட்டுக்கு மூன்று வருடம் கொடுத்தது உங்களுக்குச் செய்த உதவி ஆகாது. அதில் உங்கள் தவறு ஏதும் இல்லை.

இதற்கடியில் ஒன்று இருக்கிறது. நான்கு பக்கத்தில் கால்வலிக்கு மூன்று பக்கம்; கணவரைப் பற்றி நான்கே வரி. “அவர் இருந்தவரைக்கும் கடையை ஒன்பது மணிக்கே அடைச்சிருவோம், இப்ப பன்னெண்டு வரைக்கும் தச்சுக்கிட்டே இருக்கேன், உள்ள போகப் பிடிக்கல” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கேப்சூலும் இதற்கு மருந்தில்லை அம்மா. இதைப் பேசுவதற்கு ஆள் வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நேரில் பேசவேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அல்பிரசோலத்தைக் குறைப்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். பைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வரிசையில் உங்களைப் போன்ற அம்மாக்கள்தான் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வாரம் என்ன செய்வது

பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் எல்லா அட்டைகளோடும் போங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், டி.எஸ்.ஹெச். நான்கும் முதலில். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், கால்சியம், சர்க்கரை கூடவே பார்த்துவிட்டால் இன்னொரு முறை ஊசி வேண்டாம். லேபில் ‘முழு உடல் பேக்கேஜ்’ என்று விற்பதை எடுக்கவேண்டியதில்லை.

கால் இழுக்கும்போது தேய்ப்பதைவிட, முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கமாக மடக்கி இழுத்துப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் விடும். படுக்கப்போகும் முன் சுவரில் இரண்டு கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியவேண்டும். பத்து நொடி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. 2012-ல் நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரை வைத்து ஆறு வாரம் இதுபோன்ற பயிற்சியைச் சோதித்தார்கள். தினமும் படுக்கும் முன் செய்தவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் வேகமும் குறைந்தது. பாட்டிலில் விற்க முடியாததால் இதற்கு விளம்பரம் இல்லை.

கால்மிதி மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டிவிடுங்கள். மகன் அடுத்த முறை ஏதாவது வாங்கி அனுப்ப நினைத்தால் அதை அனுப்பட்டும். ராத்திரி எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் குடிக்கிற டீயை விட்டுவிடுங்கள். சாயங்காலம் தெருமுனை வண்டியில் பருத்திப்பால் கிடைக்குமே, அதைக் குடியுங்கள், அதில் காஃபின் இல்லை. கடையை எப்போது அடைப்பது என்பதை நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினொன்றுக்குமேல் ஊசி கோக்கிற கண்ணுக்குத் தூக்கம் எப்படி வரும்?

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிட்டால், காலில் பலம் குறைந்தால், குழப்பமும் வாந்தியும் வந்தால், இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மகன் வாங்கிய பாட்டில்களில் அமுக்கராவைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மக்னீசியம் அலமாரியிலேயே இருக்கட்டும். பரிசோதனை முடிவுகளும் புதிய பிரஷர் மாத்திரையின் பெயரும் தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை எந்தெந்த ராத்திரி கால் இழுத்தது என்று காலண்டரில் ஒரு புள்ளி வைத்துவாருங்கள். மருந்து மாற்றியபின் அந்தப் புள்ளிகள் குறைகிறதா என்பதைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்லமுடியும்.